வெட்டும் முன் வரிசைப்படுத்துவோம்

வேலை நிமித்தம் தலைநகருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், பரண் மேலோ திவானுக்குள்ளோ சில வீடியோ காசெட்டுகள் இன்றும் உறங்கிக் கொண்டிருக்கின்றன. கரோல்பாகில் நடந்த கல்யாணம், ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் வைத்த பொங்கல், குழந்தையின் காதுகுத்து, ஊர் திரும்பும் பாட்டியை ரயிலேற்றிவிட்டது என்று ஒரு தலைமுறையின் வாழ்க்கையே அவற்றில் இருக்கிறது. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாவோ நாளுக்கு நாள் நலிகிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கிறது. எனவே அவற்றைக் கணினிக்கு மாற்றுவதில் பலர் முனைந்திருப்பது மிகவும் வரவேற்கத்தக்கது. மாற்றிய பிறகு நடக்கும் வேலையைப் பற்றித்தான் எனக்குச் சில கருத்துகள் உண்டு.

எங்கள் வீட்டுக் கல்யாணக் காசெட் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தோம். மூன்று மணி நேரம், பதினைந்து நிமிடமாகச் சுருங்கித் திரும்பி வந்தது. மாலை மாற்றல் இருந்தது. தாலி கட்டுதல் இருந்தது. ஆனால் நலங்கில் அத்தைமார் செய்த கேலி இல்லை. பந்தியில் பெரியப்பா ஒவ்வொரு இலையாக நின்று திருநெல்வேலிப் பேச்சில் விசாரித்தது இல்லை. மிஞ்சிய படங்களின் மேல் தொடக்கம் முதல் முடிவுவரை சினிமாப் பாட்டு! நல்லவேளை, மூலக் காசெட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அத்தை யார், பெரியப்பா யார் என்று எப்படித் தெரியும்? நம் வீட்டுப் படத்தைத் தொகுக்க வேண்டியவர்கள் நாம்தாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஷாட்கட், கேடிஎன்லைவ் போன்ற மென்பொருள்கள் செலவின்றிக் கிடைக்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் இவற்றில் கைதேர்ந்தவர்கள்.

முன்பு திரைப்படத் தொகுப்பாளர்கள் பிலிமைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். வால்டர் மர்ச் தொகுத்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' 1997-ல் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. கணினியில் தொகுத்த படமொன்று அவ்விருதை வென்றது அதுவே முதல் முறை. இந்த முறையின் அடிப்படை எளியது. டைம்லைனில் நாம் அடுக்கும் துணுக்கு உண்மையில் படமன்று. 'இந்தக் கோப்பில் இந்த நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரை' என்ற குறிப்பு மட்டுமே. அங்கே எத்தனை முறை வெட்டினாலும் மூலம் அப்படியே இருக்கும். மூலக் கோப்பை அழித்தாலோ, டைம்லைன் வெறும் கோடாகிவிடும். ஆகவே 'படம் தயாராகிவிட்டது, இனி மூலம் எதற்கு' என்று ஒருபோதும் எண்ணலாகாது. டி.வி. முறையில் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. தேவைப்படும். மூன்று மணி நேரக் காசெட்டுகள் பத்து இருந்தாலும் 400 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். அதற்கு ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க் போதும். இரண்டு வாங்கி, ஒன்றை ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நல்லது.

அடுத்தது வரிசை. பழைய காசெட்டில் காலம் முன்பின்னாகக் கிடக்கும். 1992 சுற்றுலாவை அடுத்து 1989 பிறந்தநாள் வரும். கணினிக் கோப்பில் தெரியும் தேதியோ காசெட்டை மாற்றிய நாளின் தேதி, நிகழ்ச்சியின் தேதியன்று. அதை நம்பி அடுக்கினால் எல்லாம் குழம்பிவிடும். '1991-01-15 பொங்கல் 02' என்பதுபோல ஆண்டை முதலில் வைத்து ஒவ்வொரு துணுக்குக்கும் பெயரிட்டால் கணினியே வரிசைப்படுத்திவிடும். பிறகு எதையும் நீக்காமல் எல்லாவற்றையும் காலவரிசையில் ஒரே டைம்லைனில் அடுக்குங்கள். அப்பா வழி, அம்மா வழி, அண்டை வீட்டார் என்று வண்ணம் பிரித்துக் கொள்ளுங்கள். முக்கியமான முகம் தோன்றும் இடத்தில் குறியிட்டுப் பெயர் எழுதுங்கள். இது முழுத் தொகுப்பு. இதை நகலெடுத்து, அந்த நகலில்தான் சுருக்க வேண்டும்.

சுருக்கும்போது முதலில் பலியாவது பெரியவர்களின் பேச்சு. ஒரே முகம் ஐந்து நிமிடம் நின்றால் சலிப்பு வருவது இயல்புதான். அதற்கும் வழி உண்டு. தாத்தாவின் குரலை அப்படியே ஓடவிட்டு, அதன் மேல் தடத்தில் கோலம், அடுப்படி, விளையாடும் குழந்தைகள் என வேறு படங்களை வையுங்கள். மேல் தடம் கீழுள்ள படத்தை மறைக்குமே தவிர ஒலியை மறைக்காது. கைதேர்ந்த தொகுப்பாளர்கள் அன்றாடம் செய்வது இது. பாட்டுச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், பேச்சு வரும் இடங்களில் அதன் ஒலியைத் தாழ்த்திவிடலாம்.

"மூன்று மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தினமும் பார்க்கப் பத்து நிமிடப் படமே போதும். கைப்பேசியில் உறவினருக்கு அனுப்பவும் அதுவே ஏற்றது. நான் முழுத் தொகுப்பை வற்புறுத்துவது வேறு காரணத்துக்காக. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் வீட்டில் நாம் பேசும், இந்தி கலந்த தமிழ்தான். தஞ்சாவூர்ப் பாட்டி எப்படிக் கோபித்தாள், மதுரை மாமா எப்படிச் சிரிக்க வைத்தார் என்பதை அவர்கள் நேரில் கேட்க இனி வழியில்லை. அந்தக் குரல்கள் பல வீடுகளில் இந்த நாடாவில் மட்டுமே இருக்கின்றன. முகத்துக்காவது புகைப்படம் உண்டு. குரலுக்கு வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்று. பிள்ளைகளுக்கு மென்பொருள் தெரியும், முகங்கள் தெரியாது. நமக்கு முகங்கள் தெரியும், மென்பொருள் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். "இது யார் தாத்தா?" என்று பேரன் படத்தை நிறுத்திக் கேட்பான், நாம் ஒரு கதை சொல்வோம். தமிழ் வகுப்பில் வராத எத்தனையோ சொற்கள் அந்தப் பேச்சில் வந்துவிடும். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். வரும் கோடை விடுமுறையில் வாரம் ஒரு ஞாயிறு, ஒரு காசெட் என்று தொடங்குங்கள். முகம் தெரியாத இடத்தில் ஊரிலுள்ள சித்திக்குப் போன் செய்து கேளுங்கள். அவரும் மகிழ்வார்.