இலைக்கு அடியில் வைத்த பணம்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண் மூடியபோது இங்கே ஆடி மாதம். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் அது மொய் விருந்துக் காலம். பந்தலில் கறி வெந்துகொண்டிருக்கும். வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் வருகிறவர் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டிருப்பார். அந்த வழக்கத்தை அடுத்த சில நாள்களிலேயே திண்டுக்கல்லில் முஜிப் பிரியாணி உணவகம் வயநாட்டுக்காகக் கையில் எடுத்தது. ஒரு ராத்திரி விருந்து. பில் கிடையாது. சாப்பிட்டவர்கள் மனதுக்குப் பட்டதை இலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். புதுக்கோட்டையில் ஒரு டீக்கடைக்காரரும் தேநீரை வைத்து இதையே செய்தார்.

ஊரில் நடக்கும் மொய் விருந்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நோட்டுதான் எல்லாம். யார் எவ்வளவு செய்தார் என்பது எழுதப்படும், பிறகு திரும்பச் செய்யப்படும். வட்டியில்லாக் கடன் அது. திண்டுக்கல்லில் விருந்து இருந்தது, கூட்டம் இருந்தது, குதூகலம் இருந்தது, நோட்டு மட்டும் இல்லை. ஐந்நூறு வைத்தவரும் இருபது வைத்தவரும் ஒரே மாதிரி கை கழுவிவிட்டு எழுந்தார்கள். பணியிடத்தில் நிதி திரட்டுகிறவர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே போதும்.

அலுவலகங்களுக்கு வசூல் புதிதல்ல. 1949 முதல் ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் கொடி நாள். சட்டையில் குத்தும் சின்னக் கொடியும் மேசைக்கு மேசை நகரும் உண்டியலும் அரசு அலுவலகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பேரிடர் வந்தால் ஒரு நாள் சம்பளம். தனியார் நிறுவனங்களில் 2009-இல் தொடங்கி, இப்போது அக்டோபர் 2 முதல் 8 வரை நடக்கும் ‘தான் உத்சவ்’ வாரம்: ஊழியர்கள் வீட்டில் செய்த பலகாரத்தைக் கொண்டுவந்து விற்பார்கள், பாட்டுப் போட்டி வைப்பார்கள், மேலாளரைக் கேலிவேடம் போடச் சொல்லிக் காசு சேர்ப்பார்கள்.

இந்த விளையாட்டுத்தனத்தைச் சிலர் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். துயரத்துக்குக் கொடுக்கும்போது சிரிப்பு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சிரிப்பு நிறையச் சாதித்திருக்கிறது. பிரிட்டனில் 1988 பிப்ரவரி 5 அன்று மக்கள் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ‘சிவப்பு மூக்கு நாள்’ இன்றும் தொடர்கிறது. 2014-இல் தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளும் சவால் உலகம் முழுக்கப் பரவி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய்க்காக அமெரிக்காவின் ஒரு சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வு 2016-இல் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அடையாளம் கண்டது. அதே 2014-இல் ஹைதராபாத் பத்திரிகையாளர் ஒருவர், தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதை அரிசிச் சவாலாக மாற்றினார்: பக்கத்தில் இருக்கும் ஏழைக்கு ஒரு வாளி அரிசி. அசல் சவாலைவிட இது நம் ஊருக்குப் பொருத்தம்.

சிரிப்பில் குற்றமில்லை. கேடு வருவது கட்டாயத்தில்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. கொடுக்க விருப்பமில்லாதவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையில் ஒரு நிபந்தனை. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போக, அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. ‘நான் தரமாட்டேன்’ என்று ஒரு மனிதரை எழுதவைப்பது அவரை அவமானப்படுத்துவது. காரியம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. உண்டியலை மேலதிகாரியே கையில் ஏந்திவரும் அலுவலகத்திலும், யார் எவ்வளவு தந்தார் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் ஓடும் அலுவலகத்திலும் நடப்பது அதுவேதான். வீட்டு வாடகைக்கு முழிபிதுங்கும் துப்புரவுப் பணியாளர் அங்கே என்ன செய்வார்?

இலைக்கு அடியில் பணம் வைக்கும் யோசனையை மேலப்பாளையத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். 1994-இல் நெல்லை மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊரில் பணியிடம் என்றால் கண்ணாடிக் கட்டடம் இல்லை. இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு வீடே பணியிடம். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை, தறி, ஜவுளிக்கடை, பரோட்டாக் கடை, பள்ளிக்கூடம், வங்கி எல்லாம் பணியிடங்கள்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் பெண்ணிடம் போய் ஒரு நாள் கூலி கேட்பது நியாயமாகாது. அவரை விருந்துக்குக் கூப்பிடலாம். இலைக்கு அடியில் அவர் எதுவும் வைக்காமல் எழுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெரிய அண்டாவில் சமைத்து ஊருக்கே பரிமாறும் கை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் உண்டு. ரமலானில் பள்ளிவாசல்தோறும் நோன்புக் கஞ்சி. காயல்பட்டினத்தில் களறிச் சாப்பாடு. கிறிஸ்தவ ஊர்களில் பொது அசனம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள்தான் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார்கள். கேக் விற்பனையை எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டிய அவசியம் நெல்லை அலுவலகங்களுக்கு இல்லை.

ஏலமும் இந்தப் பக்கத்துச் சொத்து. தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை எடுத்தவரே திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வரும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆட்டுச் சந்தை வியாபாரிகள் தங்களுக்குள் ஓர் ஏலம் வைத்தால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். ஆனால் அது சமமானவர்கள் கூடும் இடத்துக்குத்தான் சரிப்படும். முதலாளியும் கடைப்பையனும் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஏலம் போட்டால் பையன் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான். அங்கே விருந்துதான் நல்லது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தொகை மறைவாக இருக்கலாம், கணக்கு மறைவாக இருக்கக் கூடாது. அரிசி, கறி, பந்தல் செலவை நிறுவனமோ கடை முதலாளியோ ஏற்க வேண்டும். சேர்ந்த பணத்தில் அதைக் கழித்தால் கொடுத்தவர் தான் தின்றதற்குத் தானே காசு கொடுத்ததாகத்தான் ஆகும். மறுநாள் காலையில் மொத்தத் தொகையை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த ரசீதையும் அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். சமையலுக்கும் பரிமாறலுக்கும் நின்ற ஊழியர்களுக்கு அந்த ராத்திரிக்கான கூலி தனியாகப் போக வேண்டும்; அவர்கள் உழைப்பைக் கேட்காமலேயே தர்மத்தில் சேர்த்துக்கொள்வதும் ஒரு கட்டாயம்தான்.

யாருக்கு என்பதில் தூரம் போக வேண்டாம். பீடி சுற்றும் தாய்மார்களின் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலில் முதல் தவணைக்குத் தடுமாறுவது ஆண்டுதோறும் நடக்கிறது. கட்டணம் கட்டும் நேரம் ஜூன். மே மாதத்திலேயே ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜவுளிக்கடைகளும் வங்கிக் கிளைகளும் சேர்ந்து ஒரே விருந்தாக வைத்தால் அந்தப் பணம் நேரத்துக்குக் கல்லூரிக்குப் போய்விடும்.