திங்களும் தொழுவமும்

உழவர்க்கு வானமே முதல் நாட்காட்டி. கடிகாரமும் அச்சிட்ட ஏடும் இல்லாத காலத்தில், வளர்ந்தும் தேய்ந்தும் ஏறக்குறைய 29½ நாளில் ஒரு சுற்றை முடிக்கும் திங்களே அவர்களுக்கு நாள்களை எண்ணித் தந்தது. நாளை எண்ணித் தரும் திங்களே நன்மை தீமைகளையும் நடத்துகிறது என்று மக்கள் கருதத் தலைப்பட்டதில் வியப்பில்லை. விதைப்புக்குப் பிறை பார்த்தவர்கள், தொழுவத்து விலங்குகளுக்குச் செய்யும் அறுவைக்கும் பிறை பார்த்தனர்.

இவ்வழக்கம் மிகப் பழையது. கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில், பன்றி, இளங்காளை, செம்மறிக் கடா, வெள்ளாட்டுக் குட்டி ஆகியவற்றுக்குத் தேய்பிறையில் காயடிக்குமாறு கூறுகிறார். மேடம் தலையை ஆளும், விருச்சிகம் பிறப்புறுப்பை ஆளும், மீனம் பாதத்தை ஆளும் என உடலைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிடும் கொள்கையும் ஐரோப்பாவில் பரவியது. ஓர் உறுப்புக்குரிய இராசியில் திங்கள் நிற்கும்பொழுது அவ்வுறுப்பில் இரும்பு படலாகாது என்பர். குடியேறிய மக்களோடு இந்நம்பிக்கை அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கு 1792-ஆம் ஆண்டில் இராபர்ட் தாமஸ் தொடங்கிய 'ஓல்டு பார்மர்ஸ் ஆல்மனாக்' என்னும் உழவர் பஞ்சாங்கம் இன்றும் வெளிவருகிறது. விலங்குகளுக்குக் காயடிக்கவும், குட்டிகளைப் பால் மறக்கச் செய்யவும் உகந்த நாள்களை அது இன்றும் குறித்துத் தருகிறது.

இதற்குக் கூறப்படும் காரணம் யாது? கடல்நீரைப் பொங்கச் செய்யும் திங்கள், உடலில் ஓடும் குருதியையும் பொங்கச் செய்யாதோ என்பர். கேட்பதற்கு இஃது இனிது, ஆராய்ந்தால் நில்லாது. நிலவுலகின் ஒரு பக்கத்தைத் திங்கள் மிகுதியாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் ஈர்க்கிறது. அவ்வேற்றுமையாலேயே கடலில் ஓதம் எழுகிறது. ஊர்க் குளத்திலேயே கண்ணுக்குப் புலனாகும் ஓதம் எழுவதில்லை. அங்ஙனமாயின், நான்கு முழ நீளமுள்ள கன்றின் உடலில் அஃது எங்ஙனம் எழும்?

மற்றொன்றும் கருதத்தக்கது. ஓதம் அமாவாசையை ஒட்டியும் மிகும். பௌர்ணமியை ஒட்டியும் மிகும். இவ்விரு நாள்களையும் 'உவா' என்னும் ஒரே பெயரால் பழந்தமிழர் வழங்கினர். வளர்பிறையின் நடுவிலும் தேய்பிறையின் நடுவிலும் ஓதம் ஒன்றுபோலத் தணியும். எனவே, ஓதத்தைச் சான்றாகக் காட்டுவோர், வளர்பிறை தீது என்றும் தேய்பிறை நன்று என்றும் கூற வழியே இல்லை. அவர் காட்டும் சான்றே அவர் கொள்கையை மறுக்கின்றது.

அவ்வாறாயின், இந்நம்பிக்கை இத்துணைக் காலம் நிலைத்தது எங்ஙனம்? பிறை பார்த்துச் செய்த கன்று பிழைத்தால், புகழ் பிறைக்குச் செல்லும். அஃது இறந்தால், விதி என்று விட்டுவிடுவர். பிறை பாராமல் செய்து கன்று இறந்தால், பழி பிறைக்குச் செல்லும். பிறை பாராமல் செய்தும் நலமாக மேய்கின்ற கன்றுகளை எவரும் எண்ணுவதில்லை. நினைவு ஒரு பக்கமே கணக்கெழுதுகிறது.

நாள் குறித்துச் செய்வதில் ஒரு நன்மை இருந்தது என்பதை மறுத்தல் ஆகாது. குறித்த நாளுக்கு முன்பே கயிறும் கருவியும் ஆளும் ஆயத்தமாயின. பதற்றத்தில் செய்யும் பிழை குறைந்தது. ஆயினும், அந்நன்மை முன்னேற்பாட்டால் விளைந்தது, பிறையால் விளைந்ததன்று.

பிறைக்காகக் காத்திருப்பதனால் கேடு என்னை என்று சிலர் வினவலாம். கேடு உண்டு. இளங்கன்றின் புண் சிறியது, விரைவில் ஆறும். நாள் தள்ளத் தள்ளக் கன்று வளர்கிறது, நோவும் வளர்கிறது. நல்ல பிறை வந்த நாளில் மழை பெய்து, தொழுவம் சேறாகி, ஈ மொய்க்குமாயின், புண்ணில் புழு வைக்கும். மண்ணிலும் சாணத்திலும் வாழும் இரணசன்னிக் கிருமி, தூய்மையற்ற கத்தியோடு உடலுட் புகும். அது வளர்பிறை, தேய்பிறை என்று பார்ப்பதில்லை. இவற்றினும் பெருங்கேடு ஒன்று உண்டு. பழியைத் திங்களின்மேல் ஏற்றிய மனிதன், தன் கத்தியைக் கழுவ மறக்கிறான்.

இன்று கால்நடை மருத்துவர்கள் உணர்விழக்கச் செய்யும் மருந்தை ஊசிவழிச் செலுத்தி நோவைத் தணிக்கின்றனர். 'பர்டிசோ' என்னும் இடுக்கியைக் கொண்டு, தோலை அறுக்காமலே உள்ளிருக்கும் நாளங்களை நசுக்குகின்றனர். குருதி வெளிப்படாத அவ்வேலைக்குப் பிறையைக் கேட்பது எதற்கு? பார்க்கவேண்டியவை கன்றின் வயது, அதன் உடல்நலம், கருவியின் தூய்மை, பருவத்தின் இயல்பு ஆகியவையே. வாய் பேசா உயிர் தன் நோவை முறையிடாது. அதன்பொருட்டுச் சிந்திக்கும் கடமை வளர்ப்பவனைச் சார்ந்தது.

கி. பி. 79-ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை கனன்றபொழுது, அதனை அருகில் கண்டு ஆராய விரும்பியவர் பிளினி. ஆங்குச் சிக்கியோரை மீட்கவும் கப்பலேறிச் சென்று, அம்முயற்சியிலேயே உயிர் நீத்தார். அவர் எழுதிய பிறை விதியினும், நேரில் கண்டறிய விழைந்த அவர் உள்ளமே போற்றத்தக்கது. உழவர் ஒருவர் அறுவை செய்த நாள், கன்றின் வயது, புண் ஆறிய காலம் ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டில் ஆண்டுதோறும் குறித்து வருவாராயின், பிறையின் உண்மையை அவ்வேடே அவருக்குக் கூறிவிடும்.