முதல் டேங்கும் "உடைக்கிற பையன்" பட்டமும்

"முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கிக் கொடுங்க சார். அதை ஒழுங்கா வெச்சுக்கிட்டான்னா, அப்புறம் நல்லதா பாக்கலாம்."

ரிமோட் டேங்க் கேட்டு அடம் பிடிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த வசனம் தவறாமல் காதில் விழும். இங்கே மைசூரில் தசரா பொருட்காட்சி நடக்கிற நாட்களில் கொஞ்சம் அதிகமாகவே விழும். கேட்கிறதுக்கு சிக்கனம் மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், இதைவிட ஊதாரித்தனமான யோசனை கிடையாது. காசும் போச்சு, பிள்ளையின் பெயரும் போச்சு.

ஏன்னு சொல்றேன். பொம்மைக் கார் வேறு, டேங்க் வேறு. காருக்கு முன் சக்கரம் திரும்பினால் போதும். டேங்குக்கு ஸ்டியரிங்கே கிடையாது. இடது டிராக்குக்கு ஒரு மோட்டார், வலது டிராக்குக்கு ஒரு மோட்டார். ரெண்டும் வேற வேற வேகத்தில் ஓடினால்தான் வண்டி திரும்பும். நின்ற இடத்திலேயே சுற்றணும்னா ஒண்ணு முன்னால், இன்னொண்ணு பின்னால். அப்போ டிராக் பக்கவாட்டில் தரையைத் தேய்ச்சு இழுக்கும், அந்த பாரம் மொத்தமும் கியர் பல்லில்தான் இறங்கும். அதனால டேங்கின் உயிர் பீரங்கியிலும் இல்லை, லைட்டிலும் சத்தத்திலும் இல்லை. அடியில் கண்ணுக்குத் தெரியாம உட்கார்ந்திருக்கிற ரெண்டு கியர்பாக்ஸில் இருக்கு.

ஆயிரம், ஆயிரத்தைநூறு ரூபாய் பொம்மையில் பெரும்பாலும் நடக்கிறது என்ன? பட்டனை அமுக்கினால் முழு வேகம், விட்டால் நிற்கும், நடுவில் எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கியருக்கு ஒரு அடி. கொஞ்ச நாளில் ஒரு பக்கம் பல் தேய்ஞ்சுடும், வண்டி செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுத்தும். திறந்து பார்க்கலாம்னா உள்ளே ஒட்டி வெச்சிருப்பான். மாற்றுக் கியர் எங்கேயும் கிடைக்காது. உடனே வீட்டில் தீர்ப்பு வாசிப்பாங்க: "சொன்னேன்ல? இவன் கையில எதைக் கொடுத்தாலும் உடைச்சிடுவான்."

கவனிங்க, உடைந்தது மட்டமான பிளாஸ்டிக் பல். பட்டம் வாங்கினது பத்து வயசுப் பையன். தோற்கிறதுக்குன்னே செஞ்ச பொருளைக் கையில் கொடுத்துட்டு, "நீ தேறினா நல்லது வாங்கித் தரேன்"னு பரீட்சை வைக்கிறது என்ன நியாயம்? மாற்றல், மாற்றல்னு ஊர் ஊராகப் போகிற நம்மை மாதிரி வீடுகளில் இது இன்னும் மோசம். பழைய தெரு, பழைய கூட்டாளிகள் எல்லாம் போய், புதுப் பள்ளிக்கூடத்தில் கன்னடம் பிடிபடாம முழிக்கிறவனுக்கு சாயங்காலம் கையில் இருக்கிறது அந்த ஒரு பொருள்தான். அதையும் குப்பையாக் கொடுத்தா எப்படி?

சரி, குறைந்த பட்ஜெட்டில் எதை வாங்குறது? என் கட்சி இதுதான்: அந்த 1,500-ஐ ரெண்டு மூணு தடவை செலவழிக்காதீங்க. காத்திருந்து, சேர்த்து, 1/16 அளவில் ஹெங் லாங் மாதிரியான சீனத் தயாரிப்பின் அடிப்படை பிளாஸ்டிக் மாடலை ஒரே தடவையா வாங்குங்க. அது உலகத்தரம்னு சொல்லவில்லை. ஆனா அடியில் ஸ்க்ரூ இருக்கு. கியர்பாக்ஸ், டிராக், கன்ட்ரோல் போர்டு எல்லாம் தனித்தனியா உதிரி பாகமா விற்கிறாங்க. ரிமோட்டில் குச்சியைக் கொஞ்சம் தள்ளினா கொஞ்சமா நகரும், முழுசா தள்ளினா முழு வேகம். ஜப்பான்காரன் டாமியா இதே அளவில் அருமையா செய்யறான், விலை பல மடங்கு. முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

1/16 டைகர் டேங்க் பீரங்கி முனை வரை சுமார் 53 சென்டிமீட்டர் வரும். ஹாலில் சோபாவுக்கு அடியில் போகாது, மொட்டை மாடி உத்தமம். ஜெர்மன் டேங்க்தான் வேணும்னு இல்லை, டி-72, டி-90 மாடல்களும் இதே கம்பெனியில் இருக்கு. அஜேயா, பீஷ்மான்னு பெயர் மாறி நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரானவை அவைதான். 1965-ல் விஜயந்தா வெளியே வந்ததும் அதே ஆவடியிலிருந்துதான். பிள்ளைக்குச் சொல்ல நம்ம ஊர்க் கதை இருக்கு, ஹிட்லர் கதை எதுக்கு? (அர்ஜுன் டேங்குக்கு இப்படி ஒரு மாடல் நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சல்.)

அடுத்த வலை "ஃபுல் மெட்டல் சார்!" டிராக் மட்டும் இரும்பு, உள்ளே கியர் பிளாஸ்டிக்னா, எடை கூடி கியர்தான் முதலில் சாகும். காசு மிஞ்சினா முதலில் மெட்டல் கியர், டிராக் அதுக்கப்புறம். புகை விடுறது ஒரு வாரம் சந்தோஷம், அதுவும் பேட்டரியைக் குடிக்கும். குண்டு சுடுற 6 மில்லிமீட்டர் சமாச்சாரம் வீட்டில் தங்கச்சிப் பாப்பா இருந்தால் வேண்டவே வேண்டாம், கண் விஷயம்.

கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதுக்கு கியர்பாக்ஸ் ஒரு ஜோடி தனியா கிடைக்குமா?" முழிச்சாருன்னா நடையைக் கட்டுங்க, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

விலைக்காக அவரைத் திட்டாதீங்க. பொம்மை மேல் இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. 2021 ஜனவரி 1-லிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். "சிங்கப்பூர் சித்தப்பா கிஃப்ட்னு எழுதி பார்சல் அனுப்பினா 5,000 ரூபாய் வரைக்கும் வரி கிடையாது"ங்கிற கதையும் 2019 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. சித்தப்பா நேரில் வரும்போது கொண்டு வரட்டும். கூடவே ஒரு ஜோடி கியர்பாக்ஸும் கொண்டு வரச் சொல்லுங்க. தனியா இருக்கிற லித்தியம் பேட்டரியை கைப்பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில் கூடாது.

பேங்க்காரன் வாயால் இதையும் கேட்டுடுங்க: "நோ காஸ்ட் இஎம்ஐ"னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஜீரோ வட்டிங்கிறதே இல்லாத சமாச்சாரம்னு 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டாச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, வட்டியைப் பேங்க் போடும், அதே அளவு தள்ளுபடியைக் கடைக்காரர் கொடுப்பார். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில். பெரும்பாலும் பிராசஸிங் ஃபீஸ் வேற. பொம்மைக்குக் கடன் வாங்குறதுக்குப் பதில், மாசா மாசம் ஒரு தொகையை ஆர்டியில் போட்டு, பாஸ்புக்கை அவன் கையிலேயே கொடுங்க.

வண்டி வந்த பிறகு மாசம் ஒரு தடவை கவிழ்த்துப் போட்டு, டிராக்கை ஓட்டுற பல்சக்கரத்தின் அச்சில் சுத்தியிருக்கிற தலைமுடி, நூல், கோலப்பொடி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. என்னைக்காவது பல் போனால் ஸ்க்ரூ டிரைவர் அவன் கையில் இருக்கட்டும். நீங்க டார்ச் மட்டும் பிடிங்க :)