சீட் கிடைத்ததும் முடிந்துபோகும் ஆட்டம்

மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்த ‘கேலோ பாரத் நீதி’க்கு ஐந்து தூண்களாம். விளையாட்டைக் கல்வியோடு இணைப்பது அவற்றில் ஒன்று. 2001ஆம் ஆண்டின் கொள்கையைத் தூக்கிவிட்டு, கால் நூற்றாண்டு கழித்து எழுதிய ஆவணத்தில் இந்த வரியைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. நம் நாட்டில் விளையாட்டும் கல்வியும் எப்போதோ இணைந்துவிட்டன. அட்மிஷன் கவுன்ட்டரில் மட்டும்.

புணேயைப் பாருங்கள். பேட்மின்டனுக்கே ஒரு காலத்தில் ‘பூனா’ என்று பெயர் வாங்கிக்கொடுத்த ஊர். 1994 தேசியப் போட்டிகளுக்காக எழுந்த பாலேவாடி வளாகம் அங்கே இருக்கிறது. 2008இல் காமன்வெல்த் இளைஞர் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. ராணுவ விளையாட்டு நிறுவனமும் அங்கேதான். போதாததற்கு, 2020 டிசம்பரில் மகாராஷ்டிர சட்டமன்றம் ஒரு விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் சட்டம் இயற்றியது. ‘சர்வதேச’ என்ற அடைமொழியைச் சேர்த்து, நாட்டிலேயே முதல் என்று மார்தட்டிக்கொண்டார்கள். (மேலக்கோட்டையூரில் நமக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்று இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.) இத்தனை இருந்தும், பதினாறு வயதில் நன்றாக ஆடும் ஒரு புணே மாணவன் கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கே ஆடுவான்?

பேஸ்பாலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஆட்டம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் அது இருக்கிறது, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு சேர்த்து அதற்கும் இடம் கொடுத்த கூட்டம் 2023 அக்டோபரில் மும்பையில்தான் கூடியது. நம் பள்ளி பேஸ்பால் என்றால் கிரிக்கெட் மைதானத்தின் ஒரு மூலையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுகள். பீல்டிங் முடித்து வரும் அணி கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுப் போகும். எதிரணிப் பையன்கள் அதே ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

குறை அவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் தூண்டிலில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விளையாட்டுச் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 25 வரை கூடுதல் மதிப்பெண். பிறகு அரசு வேலையில் 5 சதவீத ஒதுக்கீடு. விளைவு என்ன? டிராம்போலின் போன்ற, ஊரில் யாரும் ஆடிப் பார்த்திராத விளையாட்டுகளின் பெயரில் போலிச் சான்றிதழ் கொடுத்து அரசு வேலைக்குப் போனவர்கள் பிடிபட்டார்கள். சான்றிதழுக்கு விலை வைத்தால் சான்றிதழ்தான் உற்பத்தியாகும்.

எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு: 11.7. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் பேஸ்பாலுக்குத் தரக்கூடிய முழு உதவித்தொகைகளுக்கு நெடுங்காலம் வைத்திருந்த உச்சவரம்பு அது. பதினொரு பேர் சரி, மிச்சம் 0.7 யார் என்று கேட்பீர்கள். பயிற்சியாளர் அந்த 11.7ஐக் கூறுபோட்டு 27 பேர் வரை பங்கு வைப்பார். கணக்குப் போட்டால் தலைக்குச் சராசரியாகப் பாதிக் கட்டணம்கூடத் தேறாது. பந்தை அசுர வேகத்தில் எறியும் பிட்சருக்குக் கொஞ்சம் கூடுதல், மாற்று ஆட்டக்காரனுக்குக் கால் பங்கு மட்டும். மீதியைக் குடும்பம் கட்டும், அல்லது பையன் நன்றாகப் படித்துக் கல்விக்கான உதவித்தொகை வாங்குவான். அதனாலேயே பேஸ்பால் பயிற்சியாளர்கள் மதிப்பெண் பட்டியலை அக்கறையோடு பார்ப்பார்கள். அதே காலத்தில் அமெரிக்கக் கால்பந்துக்கு 85 முழு உதவித்தொகைகள்! 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் 11.7 ஒழிந்து, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முழுத்தொகை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தக் கஞ்சக் கணக்கை நான் கொண்டாடுவதற்குக் காரணம், அதற்குப் பதிலாகக் கல்லூரி கேட்பது ஆட்டத்தை. பிப்ரவரி நடுவில் தொடங்கி மே வரை ஒரு அணி 56 ஆட்டங்கள் வரை ஆடும். உள்ளே வரவே பள்ளியில் 16 முதன்மைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், நான்குக்கு 2.3 சராசரி வேண்டும். சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. பாடத்தில் சறுக்கினால் வெளியே உட்கார வேண்டும். இங்கேயோ பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. முதல் சுற்றில் தோற்ற அணி அன்று ராத்திரியே ரயிலேறிவிடும். அதோடு அந்த ஆண்டின் பேஸ்பால் முடிந்தது.

அமெரிக்கக் கல்லூரியில் முழு உதவித்தொகை வாங்கித் தருகிறோம் என்று பெற்றோரிடம் லட்சங்களில் பேசும் ஆலோசகர்களிடம் இந்த 11.7 பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

‘மில்லியன் டாலர் ஆர்ம்’ இல்லையா என்பார்கள். 2008இல் உத்தரப் பிரதேசத்தின் இரண்டு ஈட்டி எறிவீரர்கள், பேஸ்பாலைத் தொட்டே இராதவர்கள், ஒரு டி.வி. போட்டியில் வென்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். ரிங்கு சிங் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு வாங்கினார். டிஸ்னி 2014இல் படமெடுத்தது, இசை நம் ரஹ்மான். படம் ஒப்பந்தத்தோடு சுபம். அதற்குப் பிறகு தினேஷ் படேல் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு ஈட்டிக்குத் திரும்பினார். ரிங்கு காயங்களோடு போராடிவிட்டு டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த மேடைக்குப் போனார். ஒரு கல்லூரி அணியில் நான்கு வருடம் ஆடியிருந்தால் இருவரும் பெரிய லீக்கைத் தொட்டிருப்பார்கள் என்பது என் கட்சி.

நம்மிடம் கல்லூரி செய்யாத வேலையை ராணுவமும் ரயில்வேயும் செய்கின்றன. புணே ராணுவ நிறுவனத்தின் மைதானத்துக்கு நீரஜ் சோப்ராவின் பெயர் சூட்டப்பட்டது தற்செயலா? 1952இல் கே.டி. ஜாதவ் வென்ற பதக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்துக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 72 ஆண்டுகள் ஆயின. அதைப் பாரிஸில் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, மாநில அரசின் கிரீடா பிரபோதினி திட்டத்தில் வளர்ந்தவர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் கலெக்டராக இருந்தவர். அவர் கதையைச் சொல்லும் யாரும் ஒரு கல்லூரி அணியைப் பற்றி வாய் திறப்பதில்லை. துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாகர் டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரி மாணவிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தது அங்கே, சுடக் கற்றது அங்கே இல்லை.

கல்லூரிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டை விமர்சித்தால் ஏழை வீரரின் வாய்ப்பைப் பறிக்கிறாய் என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்த ஏழை வீரர் சேர்ந்த மறுநாளே ஆட்டத்தை விடுகிறாரே, அதைப் பறித்தது யார்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வெறும் வியாபாரம் என்பவர்கள் நம் ஐ.பி.எல். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வரட்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024இல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் விளையாட்டு இடங்களை உருவாக்கியதை எல்லாரும் பாராட்டினார்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலிலும் இருக்க வேண்டும், கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசியப் பதக்கமும் வேண்டும் என்பது நிபந்தனை. சேர்ந்த பிறகு வாராவாரம் எந்த லீக்கில் ஆடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே மகாராஷ்டிரம் அந்த 25 மதிப்பெண்ணை ரத்து செய்யட்டும். தமிழ்நாடு பொறியியலில் விளையாட்டு வீரர்களுக்கு வைத்திருக்கும் 500 இடங்களை, கல்லூரி அணிக்கு ஆடுபவருக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் உதவித்தொகையாக மாற்றட்டும். சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழகம் பத்துக் கல்லூரிகளைத் திரட்டி, மழை விட்ட நவம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பேஸ்பால் லீக் நடத்தட்டும். பாலேவாடியின் விளக்குகளுக்கும் வேலை கிடைக்கும். பத்தே ஆண்டில் ஆசியாவில் சொல்லிக்கொள்ளும்படி நமக்கொரு அணி இருக்கும். சேர்க்கைக்கு வரும் மாணவரிடம் பழைய சான்றிதழைக் கேட்காதீர்கள். இந்த வருடம் எங்கள் அணிக்கு எத்தனை ஆட்டம் ஆடுவாய் என்று கேளுங்கள்.