சந்தையூரும் அம்மன் காசும்

ஐரோப்பாவின் சின்னஞ்சிறு நாடுகளைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு ஒரு வியப்பு ஏற்படுகிறது. அறுபத்தொரு சதுர கிலோமீட்டரில் ஒரு குடியரசா, அதற்கு ஒரு கொடியா, நாணயமா என்று புன்னகைக்கிறோம். இத்தாலியின் நடுவே, நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட சான் மரீனோவைத்தான் சொல்கிறேன். டிட்டானோ மலையின் மேல் தலைநகரம். அடிவாரத்தில் போர்கோ மஜ்ஜோரே என்ற ஊர். அவ்வூரின் பழைய பெயர் மெர்க்கத்தாலே. 'சந்தையூர்' என்று தமிழில் பெயர்த்தால் பிழையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அங்கே சந்தை கூடுகிறது. இன்றும் வியாழன்தோறும் கூடுகிறது. மலைமேல் ஆட்சி, மலையடியில் வணிகம் என்ற ஏற்பாட்டில் ஒரு நாடு நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

அந்த வியப்பை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் தூண்டுதல். 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை ஒரு தனி அரசு. அதன் பரப்பு ஏறத்தாழ மூவாயிரத்து ஐம்பது சதுர கிலோமீட்டர். சான் மரீனோவைப்போல் ஐம்பது மடங்கு. லக்சம்பர்க்கின் பரப்பே இரண்டாயிரத்து அறுநூறுக்குள்தான். நாற்புறமும் திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் என்று பிரிட்டிஷ் மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, கடலில்லாமல், வற்றாத ஆறும் இல்லாமல், வெள்ளாற்றையும் வானம் பார்த்த கண்மாய்களையும் நம்பி இருந்த நாடு. ஐரோப்பியச் சிறுநாட்டை ரசிக்கத் தெரிந்த நாம் இதை ஒரு நாடாக நினைப்பதே இல்லை. திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகும் வழியில் பேருந்து நிற்கும் ஓர் ஊராகவே அது நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

நினைப்பவர்களும் இரண்டு விஷயங்களைத்தான் நினைக்கிறார்கள். ஒன்று, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915ல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்துகொண்ட கதை. இதை விட்டுவிடலாம், வாரப் பத்திரிகைகள் வேண்டிய அளவுக்கு எழுதித் தீர்த்துவிட்டன. மற்றொன்று கட்டபொம்மன். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் தப்பிவந்த அவர் தொண்டைமான் சீமையில் பிடிபட்டு, கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1959ல் வந்த திரைப்படம் அந்த வரலாற்றை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த ஓர் அரசின் நினைவு ஒரே ஒரு கைதில் சுருங்கிப்போயிற்று.

கறை கறைதான். அதைத் துடைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் சிறிய அரசுகள் எந்த நெருக்கடியில் முடிவெடுக்கின்றன என்று யோசிக்க சான் மரீனோ உதவுகிறது. 1797ல் நெப்போலியன் அக்குடியரசுக்குக் கூடுதல் நிலம் தர முன்வந்தான். அவர்கள் வேண்டாம் என்றார்கள். பெரியவன் கொடுக்கும் நிலத்தை நாளைக்கு அவனுடைய பகைவன் வந்து கணக்குக் கேட்பான் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்திருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கே தொண்டைமான் நேர்மாறான வழியில் போனார். கும்பினிக்குச் செய்த உதவிகளுக்காக 1803ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் புதுக்கோட்டைக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் கட்டவேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. பிறகு நிபந்தனையே நீக்கப்பட்டது. கொடுக்கப்படாத அந்த யானையைப் பற்றி ஒரு சிறுகதை எழுதலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

1849ல் கரிபால்டி தோற்ற படையோடு, ஆஸ்திரியர்கள் துரத்திவர, சான் மரீனோவுக்குள் நுழைந்தார். அந்தக் குடியரசு அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவரும் படையைக் கலைத்துவிட்டு இரவோடு இரவாகக் கடற்கரையை நோக்கி நழுவினார். பின்னால் இத்தாலி ஒன்றுபட்டபோது அந்தச் சிறு குடியரசு விழுங்கப்படாமல் தப்பியதற்கு அந்த நன்றியும் ஒரு காரணம் என்பார்கள். 1799ஐயும் 1849ஐயும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத் தீர்ப்பு எளிது. எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. கரிபால்டியைத் துரத்தியவர்கள் வந்து திரும்பும் அந்நியர்கள். தொண்டைமானைச் சூழ்ந்திருந்த கும்பினியோ வந்து தங்கிவிட்ட சக்தி. கர்நாடகப் போர்களின் காலத்திலேயே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்ட ஓர் அரசு 1799ல் திடீரென்று வேறு முகம் காட்டியிருக்க முடியுமா? முடியாது என்பது என் எண்ணம். இதனால் செயல் நியாயமாகிவிடாது. ஆனால் அந்த ஒரு செயலைக் கொண்டு ஒரு நாட்டின் சந்தையையும் தெருக்களையும் குளங்களையும் சேர்த்து மறந்துபோவது நம்முடைய தவறு.

சந்தைக்கு வருகிறேன். புதுக்கோட்டை நகரில் சந்தைப்பேட்டை என்றே ஒரு பகுதி இருக்கிறது. போர்கோ மஜ்ஜோரேயின் பழைய பெயரைப்போலவே தொழிலே பெயராக நின்ற இடம். சுற்றுவட்டார மண் தருவதெல்லாம் இந்த நகரத்தை நோக்கி வந்து சேர்கிறது. ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாவும் வாழையும் தேங்காயும், கீரமங்கலத்துப் பூவும், செம்மண் காடுகளின் நிலக்கடலையும், பொட்டல் காடுகளில் மேய்ந்த ஆடுகளும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது கிழக்குப் பகுதியின் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்ததை நாளிதழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு தலைமுறை வளர்த்த மரம் ஒரே இரவில் போய்விட்டால் அங்காடியின் நடையே பல ஆண்டுகளுக்கு மாறிவிடும் என்பது அவ்வட்டாரத்து விவசாயியிடம் பேசினால்தான் புரியும்.

இந்தச் சந்தையில் ஒரு காலத்தில் புழங்கியது அம்மன் காசு. செம்பினாலான சிறிய நாணயம். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். இருபது காசு ஓர் அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு முந்நூற்றிருபது. அரசன் தன் தலையைப் பொறிக்காமல் குலதெய்வத்தைப் பொறித்தான் என்பதைவிட, எவ்வளவு சிறிய மதிப்புக்கு அது அடிக்கப்பட்டது என்பதே என்னை நிறுத்துகிறது. ஒரு கை கீரைக்கும் ஒரு வெற்றிலைக் கட்டுக்கும் விலை சொல்ல உதவும் நாணயம். பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாயும் அணாவும் மேலே புழங்க, அடித்தட்டின் கொடுக்கல் வாங்கலுக்கு இந்த நாடு தன்னுடைய காசை வைத்துக்கொண்டிருந்தது. நவராத்திரி நாட்களில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசும் ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கு 'அரைக்காசு அம்மன்' என்ற பெயர் இந்த வழக்கத்தால் வந்தது என்பார்கள். தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனை வேண்டி வெல்லம் வைப்பவர்கள் தமிழகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு நாட்டின் நாணயத்தின் பெயர் என்று தெரியும்?

இறையாண்மை என்பது அரியணையில் மட்டும் இருப்பதில்லை, உப்பிலும் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் உவர்மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சும் தொழில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு வரிக்கு அது இடைஞ்சலாக இருக்கவே, 1887ல் அந்தத் தொழில் நிறுத்தப்பட்டு, சமஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் இழப்பீடு என்று ஏற்பாடாயிற்று. சான் மரீனோவும் இத்தாலிக்காகப் புகையிலை பயிரிடுவதை விட்டுக்கொடுத்து ஈடு பெற்றுக்கொண்டது. சிறிய நாடுகள் இப்படித்தான் தம் உரிமைகளைத் துண்டு துண்டாக விற்று உயிர் வாழ்கின்றன. இழப்பீடு கஜானாவுக்குப் போயிற்று. உப்புக் காய்ச்சியவன் எங்கே போனான் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை.

நகரத்தின் இன்றைய வடிவத்துக்குப் பெரிதும் காரணமானவர் சேஷய்யா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878ல் இங்கே வந்தவர். 1894 வரை திவானாகவும் பிறகு இளவரசர் சார்பில் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்தார். கீழ, மேல, வடக்கு, தெற்கு ராஜவீதிகளையும், அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிட்டுச் செல்லும் தெருக்களையும் நடந்து பார்த்தவர்களுக்கு, ஒரு மனம் உட்கார்ந்து யோசித்த ஊர் இது என்பது உடனே விளங்கும். குளங்கள் சீர் செய்யப்பட்டு மக்களின் குடிநீருக்கு உதவின. ஆற்று நீர் இல்லாத ஊரில் குளம்தான் ஆட்சியின் அளவுகோல். 1910ல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இன்றும் இருக்கிறது. மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி முத்துலட்சுமி ரெட்டி. 1929ல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. அந்த ஆண்டையொட்டி எழுந்த புதிய அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

இதையெல்லாம் மன்னராட்சியின் பொற்காலம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. நிலத்தில் பெரும்பகுதி இனாமாகப் பங்கிடப்பட்டு, சாதியும் கோயில் மரியாதையும் அரண்மனை விசுவாசமும் பின்னிக் கிடந்த சமூகம் அது. இதை ஆராய்ந்து நிக்கலஸ் டிர்க்ஸ் 1987ல் 'தி ஹாலோ கிரவுன்' எழுதினார். உள்ளீடற்ற மகுடம் என்று தலைப்பிலேயே தன் முடிவைச் சொல்லிவிட்டார். ஜோன் வாக்ஹார்ன் 1994ல் 'தி ராஜாஸ் மேஜிக் கிளோத்ஸ்' எழுதினார். அதற்கும் முன் சமஸ்தானமே கே.ஆர். வெங்கட்டராம ஐயரைக் கொண்டு பல நூறு பக்கங்களில் மானுவல் வெளியிட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதுக்கோட்டை ஒரு கோட்பாட்டு விவாதத்தின் பெயர். தமிழிலக்கிய வாசகனுக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம்.

என் குறை இங்கேதான். 1922ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் பிறந்தது அந்த ஆண்டில். அகிலன் பெருங்களூரில் பிறந்ததும், அழ. வள்ளியப்பா ராயவரத்தில் பிறந்ததும் அதே ஆண்டில். மன்னரும் நாவலாசிரியரும் குழந்தைக் கவிஞரும் ஒரே நாட்டில் ஒரே வயதினர். ஒருவர் ஆண்ட நாட்டின் குடிகள் மற்ற இருவரும். ஆயினும் அகிலனுக்கு 1963ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திர சோழனைத் தேடிப் போயிற்று. கல்கியும் இந்த மண்ணின் கொடும்பாளூரிலிருந்து வானதியைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். கொடும்பாளூரும் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நமக்கு வேண்டும். அவை ஆயிரம் ஆண்டுப் பழமை என்பதால். பாட்டன் காலத்துக் காசும் சந்தையும் வேண்டாம். நம் வரலாற்றுப் புனைவு பேரரசுக்குப் பழகிவிட்டது. கப்பலும் கடாரமும் இல்லாத வரலாறு அதற்கு வரலாறாகத் தெரிவதில்லை. தன் பிழைப்புக்காகப் பெரியவர்களிடம் தலையாட்டி, கிடைத்த இடைவெளியில் தெருவைச் செப்பனிட்டு, குளம் வெட்டி, கீரை வாங்கக் காசு அடித்த ஒரு நாட்டின் கதைக்கு வேறு வகை மொழி தேவைப்படுகிறது. வீரமும் துரோகமும் ஆகிய இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு அதை எழுத முடியாது.

சிறிய ஊர் எழுத்துக்கு உதவாது என்று யாரும் சொல்லவேண்டாம். கண்ணதாசன் இளம் வயதில் ஆசிரியப் பணியாற்றிய 'திருமகள்' புதுக்கோட்டையிலிருந்து வந்த இதழ். பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்களை வரிசையாக அறிமுகப்படுத்திய 'பொன்னி'யும் 1947ல் அங்கிருந்துதான் கிளம்பியது. கந்தர்வன் தம் வாழ்வின் பெரும்பகுதியை அந்த ஊரில்தான் கழித்தார். அரிய முதற்பதிப்புகளைத் தேடுபவர்கள் ஞானாலயாவின் படியேறுகிறார்கள். எழுத்தும் இருக்கிறது, ஆவணமும் இருக்கிறது. ஊர் மட்டும் எழுதப்படாமல் இருக்கிறது.

1974 ஜனவரி 14 அன்று பழைய சமஸ்தானத்தோடு தஞ்சையின் அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்து மாவட்டம் உருவானபோது, புதுக்கோட்டைக்கு முதன்முதலாக ஒரு கடற்கரை கிடைத்தது. கல்லணைக் கால்வாயின் நீர் எட்டும் கிழக்கும், கண்மாயை நம்பும் மேற்கும் ஒரே மாவட்டமாயின. பழைய எல்லை எங்கே போகிறது என்று பயிரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். 2024ல் நகரம் மாநகராட்சி ஆயிற்று. இனி சாலைகள் அகலமாகும், ஊராட்சிகள் சேரும், பழைய வீதிகளின் எண்கள் இடம் மாறக்கூடும். வணிக வளாகம் வேண்டும் என்று யாரேனும் சந்தைப்பேட்டையைக் குறிவைக்கவும் கூடும். அதற்குமுன் யாராவது அங்கே போய், தரகர்களிடமும் பூக்கட்டும் பெண்களிடமும், அம்மன் காசைப் பெட்டியில் வைத்திருக்கும் முதியவர்களிடமும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும். போகிறவர் பலா வரும் பருவமாகப் பார்த்துப் போகட்டும். அந்த நாட்களில் சந்தையில் பேச ஆள் அதிகம் கிடைப்பார்கள்.