பத்மினியை எவ்வளவு இறக்கலாம்?

காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாளைக்குள் எட்டு வருடமாக ஒரு வெள்ளை பத்மினி நின்றுகொண்டிருந்தது. அப்புச்சி ஓட்டியது. அவர் போன பிறகு சாவியை யாரும் தொடவில்லை. போன பொங்கலுக்கு வந்த பேரன் தார்ப்பாயை விலக்கினான். கோழி முட்டையிட்ட தடம், சீட்டில் எலி கடித்த ஓட்டை, டேஷ்போர்டில் முருகன் படம். மற்றபடி வண்டி அப்படியே இருந்தது.

இன்ஜினை ஓட வைப்பதில் பெரிய பாடு இல்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, டேங்க்கைக் கழுவி, பேட்டரி மாற்றியதும் கிளம்பிவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பேரன் தன் போனில் ஒரு வீடியோவை மெக்கானிக்கிடம் காட்டினான். அதில் ஒரு பழைய பத்மினி, தரையோடு தரையாக, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல்கூட நுழையாத அளவுக்குப் பதுங்கிப் போகிறது.

"இந்த மாதிரி இறக்கோணுங்ணா."

மெக்கானிக்குக் கை வேலையில் முப்பத்தைந்து வருட அனுபவம். வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "ஸ்பிரிங்க அறுத்தா அஞ்சு நிமிசத்துல இறங்கிரும் கண்ணு. மறுபடி ஏத்தோணும்னா ஒட்ட வெக்க முடியாது, பாத்துக்க."

திண்ணையில் இருந்த அம்மிச்சிக்கு இந்தப் பேச்சு பாதிதான் புரிந்தது. ஆனால் முக்கியமான பாதி அது. "ஏங்கண்ணு, கோயலுக்குப் போறப்ப ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் என்னைய எறங்கி நடக்கச் சொல்லிருவியா?"

சிரிக்க வேண்டாம். காரை இறக்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

பத்மினியின் பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100 காரை உரிமம் வாங்கி மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1974-ல் பத்மினி என்று பெயர் வந்தது. 1089 சிசி இன்ஜின் முன்னால் இருக்கும். இழுப்பதோ பின் சக்கரம். நடுவில் ஒரு நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் குறுக்காக ஒரே துண்டு ஆக்சில். முன்பக்கம் விஷ்போன்களும் காயில் ஸ்பிரிங்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். இப்போது விற்கும் சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் இழுப்பவை. அவற்றை இறக்குவதற்கும் இதை இறக்குவதற்கும் வித்தியாசம் உண்டு, அது பின்பக்கத்தில் இருக்கிறது.

பட்டை ஸ்பிரிங்கைப் பார்த்தால் எடை தாங்குவது மட்டும்தான் அதன் வேலை என்று தோன்றும். பின் சக்கரத்தால் ஓடும் பழைய காரில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சக்கரம் தரையைப் பின்னால் தள்ளும்போது எழும் விசை, ஆக்சிலில் இருந்து பட்டையின் முன் பாதி வழியாகத்தான் பாடிக்குப் போய் வண்டியை முன்னால் நகர்த்துகிறது. பிரேக் பிடித்தாலும் அதே வழிதான். ஆக, நாலு பட்டையில் இரண்டைக் கழற்றினால் வண்டி இறங்கும் என்பது உண்மை. கிளட்ச்சை விட்டதும் மிச்சமுள்ள பட்டைகள் 'எஸ்' வடிவில் முறுக்கிக்கொண்டு ஆக்சில் துள்ளும் என்பதும் உண்மை. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஒரு அரிசி மூட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

காயிலை அறுப்பதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எட்டுச் சுற்று உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் உயரம் மட்டும் குறைவதில்லை; மிச்சம் உள்ள ஏழு சுற்றும் சேர்ந்து முன்பைவிடச் சுமார் 14 சதவீதம் விறைப்பாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும் ஒரு நொடியில் ஸ்பிரிங் தளர்ந்து விலகலாம். அடுத்த நொடி சக்கரம் மேலே வரும்போது அது எங்கே இருக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதைவிட மோசமான குறுக்குவழி, கேஸ் கட்டரால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுங்க வைப்பது. லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும் கொல்லரைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்: சிவக்கக் காய்ச்சினால் பட்டையின் முறுக்கு போய்விடும். அதனால்தான் அடித்து முடித்ததும் திரும்பவும் துவைச்சல் கொடுக்கிறார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கட்டரைப் பிடிப்பவர் அதைச் செய்வதில்லை. முறுக்கு போன ஸ்பிரிங் அன்றைக்கு அழகாக நிற்கும். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் சரியும், அல்லது முறியும்.

மெக்கானிக் அன்று ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. டேப்பைத்தான் எடுத்தார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, நாலு சக்கரத்திலும் நடு மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். வலது பக்கம் இடதைவிட 2 சென்டிமீட்டர் குறைவு. ஆச்சரியம் இல்லை. அப்புச்சி பெரும்பாலும் தனியாகத்தான் போவார். இத்தனை வருடமும் அந்தப் பக்கம்தான் எடை. அடுத்து பானெட்டின் மூலையை அமுக்கிவிட்டார். நல்ல ஷாக் அப்சார்பர் என்றால் வண்டி ஒரு முறை எழுந்து அடங்க வேண்டும். இது மூன்று முறை ஆடியது.

"இது ஏற்கெனவே எறங்கித்தான் கண்ணு கெடக்குது. வயசாகி எறங்கீருக்குது."

பழைய காரை வாங்கியதும் இறக்கக் கிளம்புகிறவர்கள் பலர் கவனிக்காத இடம் இது. இன்று சாலையில் இருக்கும் பத்மினி எதுவானாலும் 20 வயதைத் தாண்டியது. பல கார்களுக்கு 40. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ரப்பர் புஷ் பிஸ்கட் மாதிரி உதிரும், ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து போயிருக்கும். வளைவில் வண்டி அலைபாய்வதற்கு அதன் உயரம் காரணம் என்று நினைத்து இறக்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் 50 ரூபாய், 100 ரூபாய் புஷ்களாக இருக்கும்.

எனவே முதல் ஒரு மாதம் இறக்குகிற வேலையே நடக்கவில்லை. விஷ்போன் புஷ்கள், பட்டைக் கண்ணில் உள்ள புஷ்கள், ஷாக்கிள், நாலு ஷாக் அப்சார்பர் எல்லாம் மாறின. இதில் ஒரு சின்ன நுணுக்கம்: ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை மேலே இருக்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அவசரக்கார ஷெட்டுகளில் இதற்கு நேரம் இருப்பதில்லை.

முன் காயில்கள் புதிதாகச் செய்யப்பட்டன. கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் தடித்த கம்பியில். தடிமனில் கை வைக்கும்போது எச்சரிக்கை தேவை. கம்பியின் விட்டம் ஏறினால் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பியை 12.5 ஆக்கினாலே சுமார் 18 சதவீதம் கூடிவிடும். இறக்கிய வண்டிக்கு இந்தக் கூடுதல் விறைப்பு ஓரளவு வேண்டும். மேலே போக 3 அங்குல இடம் இருந்து, அதில் 1 அங்குலம் இறக்கினால், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய மென்மையான ஸ்பிரிங்கே இருந்தால் ஒவ்வொரு குழியிலும் ரப்பர் முட்டில் போய் 'டொம்'மென்று இடிக்கும். அந்த இடி நேராக பின் சீட்டுக்காரரின் இடுப்புக்குப் போகும். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் ஷாக் அப்சார்பரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பணம் பாதி வீண்.

பின்பட்டைகள் ஸ்பிரிங் பட்டறைக்குப் போயின. ஒரு பட்டையும் கழற்றப்படவில்லை. தளர்ந்த வளைவைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக்சில் பட்டைக்கு மேலே உட்காரும் கார்களில், இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்தால் அந்தக் கட்டையின் உயரத்துக்கு வண்டி இறங்கும். பட்டையின் பலம் குறையாது. கட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும், மரக்கட்டை வைப்பதும் உயிரோடு விளையாடுவது. யூ போல்ட் அதற்கேற்ற நீளத்தில் புதிதாக வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

கட்டை வைத்த மறுநாள் ஓர் உதறல் வந்தது. 50-க்கு மேல் போனால் தரை அதிர்கிறது. வீல் பேலன்ஸ் பார்த்தார்கள், அது இல்லை. பின்சக்கர டிரைவ் வண்டியை இறக்கும்போது ஆக்சில் பாடிக்கு நெருங்கி வருகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் சாயும் கோணம் மாறுகிறது. இரு முனையிலும் உள்ள யு.ஜே. கிராஸ்களின் கோணம் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து சுற்றும். அதுதான் அதிர்வு. ஒரு மெல்லிய ஆப்புத் தகட்டை ஆக்சில் இருக்கையில் வைத்து முனையை நிமிர்த்தியதும் உதறல் நின்றது. பிறகு வீல் அலைன்மென்ட். பிறகு ஹெட்லைட் திருத்தம். முன்பக்க உயரம் மாறினால் வெளிச்சம் விழும் இடமும் மாறும், இதை மறப்பவர்கள் அதிகம்.

எத்தனை இறக்குவது என்பதை முடிவு செய்தது ஊர் எல்லையில் இருந்த வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில், வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக மெதுவாக ஏறி இறங்க வேண்டும். பத்மினியின் முன்பின் சக்கர இடைவெளி 2.34 மீட்டர். அப்படிப்பட்ட தடையின் மேல் நான்கு சக்கரமும் ஏறி நிற்கும்போது, நடு வயிற்றில் சுமார் 4 சென்டிமீட்டர் இடம்தான் குறையும். ஆனால் ஊர்க்காரர்கள் ஒரு இரவில் கொட்டிய தடை ஒரு முழ அகலம்தான். அதன் மொத்த உயரமும் சைலன்சர் குழாய்க்கு வந்து சேரும். பேரன் ஸ்கேலோடு போய் அளந்தான்: 12 சென்டிமீட்டர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டுகள் ரேஸ் ஓடிய காலம் ஒன்று இருந்தது. அங்கே வேகத்தடை கிடையாது.

வீட்டில் உள்ள எல்லோரையும் வண்டியில் ஏற்றி, டிக்கியில் மூட்டையையும் வைத்து மறுபடி அளந்தார்கள். சரியாக 1 அங்குலம் இறக்கலாம் என்று கணக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு நூல் கூடாது. அம்மிச்சி ஏறி இறங்கிப் பார்த்தார். சீட் தாழ்ந்தால் முழங்காலுக்குத்தான் முதலில் தெரியும். ஓர் அங்குலம் அவருக்கு ஒத்துக்கொண்டது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததில் இருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 15 வயது கடந்த கார்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்குக் கொண்டுபோய்த்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனவே கட்டரைத் தூக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

எல்லாம் முடிந்த அன்று மெக்கானிக் மறுபடி டேப்பை எடுத்தார். சுவரில் இருந்த பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதினார். பேரன் பார்த்தான். இடது பக்கம் இரண்டு எண்ணும் ஒன்றேதான். புது ஸ்பிரிங்கில் ஏறிய உயரம், இறக்கிய ஓர் அங்குலத்தில் சரியாகக் கழிந்திருந்தது.

"ஏனுங்ணா, இதுக்கா இத்தன செலவு?"

"ஓட்டிப் பாரு போ."

சென்னிமலை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தான். வளைவில் திருப்பினால் திருப்பிய இடத்துக்குப் போனது. முன்பு ஸ்டீயரிங்கைத் திருப்பி, வண்டி யோசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறங்கும்போது பிரேக் பிடித்தால் மூக்கு குத்தவில்லை. பின் சீட்டில் அம்மிச்சி மடியில் அர்ச்சனைத் தட்டு, அதில் உடைத்த தேங்காய் மூடிகள் உருளாமல் இருந்தன. ஊர் எல்லை வேகத்தடை வந்ததும் அவர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்குத் தயாராக முந்தானையைச் சரிசெய்தார்.

"உக்காருங்க அம்மிச்சி, போயிரும்."

போய்விட்டது.