மூச்சு வாங்கினால் உட்காரத்தான் வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இளைப்பு, வீசிங் என்று யாராவது இருந்தால் கடைசிவரை படியுங்கள். இல்லாதவர்கள், தெரிந்த வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற பெரியவர் ஒருவர் எழுந்து நின்றால் நம் ஊரில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான் வரும். "நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க? பேசாம உட்காருங்க, எது வேணும்னாலும் நாங்க எடுத்துத் தர்றோம்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரை இதைவிட வேகமாக முடக்கிப் போடுகிற உபசாரம் வேறு கிடையாது. நான் டாக்டர் இல்லை, இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இருந்தும் துணிந்து எழுதுகிறேன். ஏனென்றால் டாக்டர்கள் இதைச் சொல்லி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் தெருவுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

நான் சொல்வது சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றி. பீடி, சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்குத்தான் அது வரும் என்று நினைக்கிறோம். விறகடுப்பு முன்னால் முப்பது நாற்பது வருடம் உட்கார்ந்த பெண்களுக்கும் வரும், ஆலைத் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கும் வரும். காசநோய் வந்து குணமான சிலருக்கு நுரையீரல் தழும்பாகிப் போய் வாழ்நாள் முழுக்க இளைப்பு நிற்கும். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் சிஓபிடி உள்ளவர்கள் சுமார் 5.5 கோடிப் பேர். அந்த வருடம் மாரடைப்புக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைக் கொண்டுபோன நோய் இதுதான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தெருத்தெருவாக முகாம் போடுகிறோம், இதற்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரிய கஷ்டம். பழைய காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடந்தால் நெஞ்சுக்குள் காற்று தேங்கி, உப்பிப்போய், இனி இழுக்க இடமில்லை என்ற நிலை வருகிறது. அந்தத் திணறலுக்குப் பயந்து ஆள் நடப்பதைக் குறைக்கிறார். குறைத்தால் தொடைச் சதை வற்றுகிறது. வற்றிய சதை அதே நாலு எட்டுக்கு முன்பைவிட அதிக மூச்சைக் கேட்கிறது. நுரையீரல் போன வருடம் இருந்தபடியேதான் இருக்கிறது, ஆனால் கால் பலமிழந்துவிட்டதால் மூச்சு இன்னும் வாங்குகிறது. உடனே இன்னும் கொஞ்சம் உட்காருகிறார். இப்படியே திண்ணையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து கட்டில்.

இதை என் பெரியக்கா வீட்டில் கண்ணெதிரே பார்த்தேன். அக்காவுக்கு 71 வயது. பீடி வாசனைகூடப் பிடிக்காது. ஆனால் புழுங்கலுக்கு நெல் அவித்த புகையும் உமி அடுப்புப் புகையும் எத்தனை வருடம் குடித்திருப்பாள் என்று கணக்கே கிடையாது. டவுனில் ஒரு டாக்டர் ஊதச் சொல்லிப் பரிசோதித்து நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். இன்ஹேலரும் கொடுத்தார். அதோடு, "அலட்டிக்காம ஓய்வா இருங்கம்மா" என்று ஒரு வார்த்தையும் கொடுத்து அனுப்பினார். வீட்டார் அந்த வார்த்தையை இன்ஹேலரைவிடப் பக்தியாகக் கடைப்பிடித்தார்கள். மருமகள் தங்கமான பெண். காபி கட்டிலுக்கு வந்தது, சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. இரண்டு வருடத்தில் அக்காவுக்குத் தலைக்கு ஊற்றிவிடவும் ஆள் வேண்டியிருந்தது. "மருமக கையால குளிக்கிற நிலைமைக்கு வந்துட்டேனேடி" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவளுக்கு மூச்சைவிட அதுதான் பெரிய வலி.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது பிசியோதெரபிஸ்ட். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் அக்காவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பெரியம்மாவுக்கு நுரையீரல் அளவுக்குக் காலும் கெட்டுப்போச்சு. காலைச் சரி பண்ணலாம்" என்றான். முதலில் டாக்டரிடம் காட்டி இதயத்தைப் பரிசோதிக்க வைத்தான். பிறகு ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளந்தான். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை வைத்துக்கொண்டு கூடவே இருந்தான். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொன்னான். மூன்று, நான்கு வரை வாங்கினால் நல்லது, அந்த அளவு வாங்கத்தான் வேண்டும் என்றான். அக்கா வீட்டில் யாருக்கும் நம்பவே முடியவில்லை. மூச்சு வாங்கவே கூடாது என்றுதானே அத்தனை நாள் காவல் காத்தார்கள்!

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தெருவில் நடப்பது, நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குவது. மூச்சுத் திணறினால் முன்பக்கம் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டு, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் ஊத வேண்டும். அப்போதுதான் தேங்கின காற்று வெளியே வரும். இதைக் கேட்டதும் அக்கா, "அடுப்பு ஊதி வந்த வியாதிக்கு அடுப்பு ஊதுறதுதான் வைத்தியமாடா?" என்று கேட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் நாள் இரண்டு கரண்ட் கம்பம் தூரம், நடுவில் மூன்று தடவை நின்று. எட்டாவது வாரத்தில் பெருமாள் கோயில் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள், ஒரே ஒரு தடவை நின்று. திரும்ப ஊதிப் பார்த்ததில் நுரையீரல் அளவு அப்படியேதான் இருந்தது, ஒரு புள்ளிகூட ஏறவில்லை. ஆனால் தன் தலைக்குத் தானே ஊற்றிக்கொள்கிறாள்.

இது ஒரு அக்காவின் கதை, ஒரு கதையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். 2015ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிட நடையில் மற்றவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள், இளைப்பும் அசதியும் குறைந்திருந்தன. இனி இது பலன் தருமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வே தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். மருத்துவத்தில் அப்படிக் கேள்வியை மூடிவைப்பது அபூர்வம்.

அப்படியானால் ஏன் எந்த டாக்டரும் எழுதிக் கொடுப்பதில்லை? அமெரிக்காவிலேயே அந்த லட்சணம்தான். சிஓபிடி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய முதியோரில், மூன்று மாதத்துக்குள் இந்தப் பயிற்சிக்குப் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நடைக்குக் கம்பெனி கிடையாது. நாற்காலியில் எழுந்து உட்காருவதற்கு மாதிரிப் பாக்கெட் கொண்டுவந்து கொடுக்கும் விற்பனைப் பிரதிநிதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வாரே, அதே மரியாதைதான் இதற்கும்.

இன்னொன்று. "பிராணாயாமம் செய்தால் போதும்" என்று பதிவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், செய்யட்டும். ஆனால் உட்கார்ந்தபடி மூச்சை மட்டும் பழக்கினால் தொடைச் சதை வளராது. காலுக்கு வேலை இல்லாத பயிற்சி பாதி வைத்தியம்கூட ஆகாது. அதேபோல் நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று இன்ஹேலரை நிறுத்துவதும் கூடாது. இன்ஹேலர் "பழகிவிடும்" என்று பயப்படுகிறவர்கள், பீடி பழகியபோது பயப்பட்டிருக்கலாம்.

"இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சமாச்சாரம், நம்ம ஊருக்கு வராது" என்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்றுதான் உலகமே நம்பியது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், ஏழைக் குடும்பங்களின் நெரிசலான வீடுகளில் நோயாளியை வைத்தே மாத்திரை கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இவர்களும் தேறினார்கள். 1959ல் அந்த முடிவு வெளிவந்தது, உலகம் தன் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று ஊருக்கெல்லாம் காட்டிய சென்னைக்கு இது முடியாதா?

வழியும் தயாராக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017ல் வந்த ஆய்வு ஒன்றில், பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போனார், பிறகு வாரம் ஒரு போன் வீதம் ஏழு போன். மொத்தம் எட்டு வாரம். அது முடிந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர்களுக்கு நடையில் இவர்கள் குறைந்தவர்களாக இல்லை. நம்மிடம் 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். எங்கள் தெருவுக்கு வருகிறவர் பக்கவாதத்துக்கும் முழங்காலுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறார், பொறுமையான பிள்ளை. அவர் பட்டியலில் இளைப்பு நோயாளியும் வரவேண்டும். ஒரு வருகை, ஏழு போன், நோட்டில் நடந்த நாளுக்கு ஒரு டிக். வருகைப் பதிவேடு எழுதி ஆயுளைக் கழித்தவள் சொல்கிறேன், டிக் போட ஒரு கட்டம் இருந்தால் பெரியவர்களும் பிள்ளைகளைப் போலத்தான், விடமாட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு நிமிட நடைக்கு வேண்டியது 30 மீட்டர் நேரான தாழ்வாரம், இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு ஆக்சிமீட்டர். கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் எத்தனை பீரோவில் தூங்குகிறதோ!

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே தாத்தாவைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நெஞ்சுவலி உள்ளவர்கள், சளியும் காய்ச்சலுமாகத் திடீரென்று முற்றியிருப்பவர்கள், நடக்கும்போது ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழே போகிறவர்கள் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தொடங்கக்கூடாது. டாக்டரிடம் போகும்போது, "எவ்வளவு நடக்கலாம், யார் சொல்லித் தருவார்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாம் கேட்காதவரை அந்தச் சீட்டில் "ஓய்வு" என்ற ஒரு வார்த்தைதான் எழுதப்படும்.

என் பழைய மாணவர்களில் பிசியோதெரபி, நர்சிங் படித்தவர்கள் ஐந்தாறு பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் இந்தப் பயிற்சி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில் நடக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டையும் தொகுத்து மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை மனுநாளில் கொடுப்பதாக இருக்கிறேன். அக்காவும் வருகிறேன் என்கிறாள்.